ஓடிசி ஹியரிங் எய்ட் வாங்கியாச்சு, அப்புறம்? நம்பிக்கையோடு பயன்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் 2022 அக்டோபர் 17 முதல், 18 வயது நிரம்பிய யாரும் டாக்டர் சீட்டு இல்லாமல், காதுப் பரிசோதனை இல்லாமல், மருந்துக்கடையிலோ இணையத்திலோ ஹியரிங் எய்ட் வாங்கிக்கொள்ளலாம். 2017ல் வந்த ஒரு சட்டத்தின் பேரில் அந்நாட்டின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ வகுத்த விதி இது. ஓவர் தி கவுன்டர் என்பதைச் சுருக்கி ஓடிசி என்கிறார்கள். ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறனைச் சோதித்துக் கருவி பொருத்தும் நிபுணர், வழியாக வாங்கினால் ஒரு ஜோடி 4,000 டாலரைத் தாண்டுவது அங்கே சாதாரணம். முதியோருக்கான அரசுக் காப்பீடான ஒரிஜினல் மெடிகேர் அதற்குக் காசு தராது. ஓடிசி கருவிகளோ சில நூறு டாலரில் தொடங்குகின்றன. பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மாவுக்கு, இன்ஷூரன்ஸ் சிக்கல் எதுவும் இல்லாமல் வாங்கித் தர இது நல்ல வழிதான்.

ஆனால் விலையோடு சேர்ந்து ஒரு ஆளும் கழிந்துபோகிறார். கருவியைக் காதில் பொருத்திக் காட்டி, இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டு, "எங்கே சரியா கேட்கலை?" என்று விசாரித்து, திருகித் தந்த அந்த ஆடியாலஜிஸ்ட். அவர் செய்த வேலை இனி உங்களுடையது. ஓடிசி கருவிகள் பல மேசை இழுப்பறையிலேயே தூங்குவதற்கு அவற்றின் தரம் மட்டும் காரணம் இல்லை. இந்த வேலையை யாரும் எடுத்துச் செய்யாததும் காரணம்.

நம்பிக்கை என்றதும் மன உறுதி, நேர்மறை எண்ணம் என்று போய்விட வேண்டாம். ஹியரிங் எய்ட் போடுபவர்களின் நம்பிக்கையை அளப்பதற்கென்றே 2007ல் வெஸ்ட், ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார்கள். அதில் நம்பிக்கையை நான்காகப் பிரித்திருக்கிறார்கள்: கருவியைக் கையாளத் தெரிவது, பழுது வந்தால் சமாளிக்கத் தெரிவது, புதிய சத்தத்துக்குப் பழகுவது, கருவியோடு பல இடங்களில் பேச்சைப் பின்தொடர்வது. நாலுமே கற்றுக்கொள்ளக்கூடிய கைவேலைகள். கீழே உள்ள படிகளும் ஏறக்குறைய அந்த வரிசையில்தான் போகின்றன.

படி 1: இந்தக் கருவி உங்களுக்கானதுதானா?

ஓடிசி கருவி லேசான, நடுத்தரமான காது கேளாமைக்கு மட்டும்தான். கூட்டத்தில் பேச்சு புரியவில்லை, டிவி சத்தத்தை வீட்டார் குறைக்கச் சொல்கிறார்கள், போனில் திணறல், எதிரே இருப்பவர் முணுமுணுப்பதாகத் தோன்றுகிறது என்றால் நீங்கள் இந்த வகையில் இருக்க வாய்ப்பு அதிகம். அமைதியான அறையில் ஒருவர் நேருக்கு நேர் பேசினாலே பிடிபடவில்லை, லாரி ஹாரன் மாதிரி பெரிய சத்தமே சரியாகக் கேட்கவில்லை என்றால் இது போதாது. ஆடியாலஜிஸ்டிடம் போக வேண்டும்.

சில அறிகுறிகள் இருந்தால் கருவி வாங்குவதற்கு முன் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். பெட்டியின் மேலேயே இவற்றை அச்சிட வேண்டும் என்பது விதி. ஆனால் யார் படிக்கிறார்கள்? கடந்த ஆறு மாதத்தில் காதிலிருந்து ரத்தமோ சீழோ நீரோ வந்திருந்தால், காது வலித்தால், தலைசுற்றல் இருந்தால், ஒரு காது மட்டும் மந்தமாகவோ ஒரு காதில் மட்டும் இரைச்சலாகவோ இருந்தால், கேட்கும் திறன் ஏறி இறங்கினால், குறும்பி அடைத்திருப்பதாகத் தோன்றினால், நேராக ஈஎன்டி டாக்டர். ராத்திரி நன்றாக இருந்த காது காலையில் எழுந்தால் கேட்கவில்லை என்றால் அது அவசர சிகிச்சைக்கான நிலை. "சளியா இருக்கும், நாலு நாள் பார்ப்போம்" என்று தள்ளிப்போட்டால், மருந்தால் மீட்கக்கூடிய காதும் மீளாமல் போகலாம்.

சட்டம் பரிசோதனை வேண்டாம் என்றாலும் ஒரு ஆடியோகிராம், அதாவது எந்த சுருதியில் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் சோதனைத் தாள், எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். பெரிய மொத்தக் கடைகளில் இருக்கும் ஹியரிங் சென்டர்களில் இலவசமாகவே பார்க்கிறார்கள். அந்தத் தாளில் 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸுக்கு எதிரே உள்ள டெசிபல் எண்களைக் கூட்டி நாலால் வகுத்தால் உங்கள் காதுக்கு ஒரு எண் கிடைக்கும். அது சுமார் 25 முதல் 55 வரை இருந்தால் ஓடிசி எல்லைக்குள் இருக்கிறீர்கள். 'எனக்கு எவ்வளவு கேட்கிறது' என்பதை எண்ணாகத் தெரிந்துகொண்டவர், கருவி சரியில்லாதபோது தன்னைச் சந்தேகிக்காமல் கருவியைச் சந்தேகிப்பார். இது பெரிய வித்தியாசம்.

போக முடியாதவர்களுக்கு, உலக சுகாதார நிறுவனம் 2019ல் வெளியிட்ட 'ஹியர்ஹூ' என்ற இலவச செயலி உண்டு. இரைச்சலுக்கு நடுவே எண்களைச் சொல்லும். கேட்டதை அழுத்த வேண்டும். அது நோயறியும் சோதனை இல்லை. ஆனாலும் ஒரு தொடக்கம்.

படி 2: ஐந்து இடங்களை எழுதுங்கள்

கருவியைத் தேடுவதற்கு முன்னால் ஒரு தாள் எடுங்கள். எங்கெங்கே கேட்காமல் கஷ்டப்படுகிறீர்களோ, அதில் முக்கியமான ஐந்தை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். இது ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகத்தில் 1990களில் உருவான முறை. உலகம் முழுக்க ஆடியாலஜிஸ்டுகள் பயன்படுத்துகிறார்கள்.

"நல்லா கேட்கணும்" என்று எழுதினால் பயனில்லை. அதை அளக்கவே முடியாது. "கார் ஓட்டும்போது பின்சீட்டிலிருந்து பேத்தி கேட்கும் கேள்வி புரியணும்." "கோயில் ஹாலில் சாப்பிடும்போது பக்கத்து நாற்காலிக்காரர் பேசுவது புரியணும்." "வீடியோ காலில் டாக்டர் சொல்லும் மாத்திரை அளவு முதல் தடவையே பிடிபடணும்." இந்த மாதிரி இடமும் ஆளும் தெரியும்படி எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இன்றைய நிலையைப் பத்துக்கு எத்தனை என்று குறியுங்கள். தேதி போடுங்கள்.

இந்தத் தாளை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், காது மெல்ல மெல்லத்தான் முன்னேறும், பழைய நிலை மறந்துபோகும். மூன்று வாரம் கழித்து "பெரிசா ஒண்ணும் மாறலை" என்று தோன்றும் நாளில் தாள்தான் உண்மையைச் சொல்லும்.

படி 3: வாங்கும்போது

சந்தையில் மூன்று வகைப் பொருள்கள் ஒரே மாதிரி பெட்டியில் கிடக்கின்றன. முதலாவது, காதுக்கேற்பத் தானே பொருத்திக்கொள்ளும் வகை. போன் செயலி வழியாக உங்கள் காதைச் சோதித்து, எந்த சுருதியில் எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று அதுவே அமைக்கும். இந்த வகைக்கு எஃப்டிஏவின் முன் அனுமதி தேவை. இரண்டாவது, மூன்று நாலு தயார் அமைப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை. விலை குறைவு, போன் தேவையில்லை. மூன்றாவது, வெறும் ஒலிபெருக்கி. காது நன்றாகக் கேட்பவர்கள் பறவைச் சத்தம் கேட்பதற்கு வாங்குவது. இது ஹியரிங் எய்டே இல்லை. பெட்டியில் ஓடிசி ஹியரிங் எய்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'எஃப்டிஏவில் பதிவு பெற்றது' என்ற வாசகத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். பதிவு என்பது கம்பெனி தன் பெயரையும் பொருளையும் பட்டியலில் சேர்த்துக்கொள்வது மட்டும்தான், அனுமதி வேறு.

போனில் ஓரளவு பழக்கம் உள்ளவருக்கு முதல் வகையைத்தான் சொல்வேன். லெக்ஸி, சோனி, இயார்கோ என்று பல பெயர்கள் உண்டு. ஆப்பிளின் இயர்போனான ஏர்பாட்ஸ் ப்ரோ 2க்குள் ஹியரிங் எய்ட் மென்பொருளை வைக்க 2024 செப்டம்பரில் எஃப்டிஏ அனுமதி தந்தது, அக்டோபரில் வந்துவிட்டது. ஐபோன் ஏற்கெனவே இருந்தால் முயன்று பார்க்க நல்ல வழி. ஏர்பாட்ஸின் பேட்டரி நாள் முழுக்கத் தாங்காது. அதோடு, காதில் பாட்டு கேட்கிறார் என்று நினைத்து எதிரே இருப்பவர் பேசாமலே இருந்துவிடும் தொல்லையும் உண்டு. இன்னொன்று: இந்த வசதி நாட்டுக்கு நாடு மாறும். 2024ல் பெங்களூரு இளைஞர்கள் சிலர் தங்கள் பாட்டிகளுக்காக வாங்கிய ஏர்பாட்ஸில் இந்தியாவில் அது திறக்காததால், மின்காந்த அலை புகாத கூண்டு கட்டி, தாங்கள் வேறு நாட்டில் இருப்பதாக ஆப்பிள் சாதனத்தை நம்பவைத்தார்கள். நமக்கு அவ்வளவு தெம்பு வேண்டாம். ஊருக்கு அனுப்புவதாக இருந்தால் அங்கே அந்த வசதி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டால் போதும்.

யார் வாங்கினாலும் கவனிக்க வேண்டியது திருப்பித் தரும் காலக்கெடு. எஃப்டிஏ விதி கெடுவைக் கட்டாயமாக்கவில்லை. திருப்பி வாங்குவார்களா, எப்படி என்பதைப் பெட்டிமேல் அச்சிட மட்டும் சொல்கிறது. ஒரு மாதத்துக்குக் குறைவான கெடு என்றால் வேண்டாம். பழகுவதற்கே அவ்வளவு நாள் ஆகும்.

விரல்களையும் யோசியுங்கள். மூட்டுவலியோ கை நடுக்கமோ இருந்தால் பட்டன் பேட்டரி மாற்றுவது தினசரி சித்திரவதை. சார்ஜ் செய்யும் வகையே நல்லது. இரண்டு காதும் மந்தம் என்றால் இரண்டுக்கும் வாங்குங்கள். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மூளை கண்டுபிடிக்க இரண்டு காதும் வேண்டும்.

படி 4: கைகளுக்குப் பழக்கம்

கருவி வந்த அன்று அதைக் காதில் வைத்துக்கொண்டு யாரோடும் பேச வேண்டாம். அன்றைக்குக் கைகளுக்கு மட்டும் வேலை.

வெளிச்சமான மேசையில் ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்தால் உருண்டு ஓடாது. எதிரே கண்ணாடி. சிவப்புப் புள்ளி வலது காது, நீலம் இடது காது. பெரும்பாலும் எல்லாக் கம்பெனியிலும் இதுதான். காதில் வைப்பது, எடுப்பது, அணைப்பது, சார்ஜரில் வைப்பது. இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கண்ணாடி பார்க்காமல், சட்டை பட்டன் போடும் நேரத்தில் செய்ய வரும்வரை. வெளியிடத்தில் கருவி நழுவினால் பதற்றமில்லாமல் சரிசெய்ய முடியும் என்று கைக்குத் தெரிந்துவிட்டால், கூட்டத்துக்குப் போகும் பயத்தில் பாதி போய்விடும்.

காதுக்குள் போகும் சிலிக்கான் குமிழை டோம் என்பார்கள். பெட்டியில் பல அளவுகள் இருக்கும். ஓடிசி கருவி பிடிக்காமல் போவதற்கு இந்தச் சின்ன ரப்பர்தான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். சின்னதாக இருந்தால் விசில் அடிக்கும், சத்தம் ஒழுகும். பெரிதாக இருந்தால் வலிக்கும், உங்கள் குரல் உங்களுக்கே பானைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். எல்லா அளவையும் ஒருமுறையாவது போட்டுப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்பதில்லை.

பட்டன் பேட்டரி என்றால், ஸ்டிக்கரை உரித்ததும் உடனே உள்ளே போடாமல் ஐந்து நிமிடம் காற்றுப் படவிடுங்கள். அது காற்றிலுள்ள ஆக்சிஜனை வைத்து வேலை செய்வது. பழசும் புதுசும் பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது. விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் நாய் இருந்தால் கருவியை மேசைமேல் விடாதீர்கள். காதின் வாசனையோடு இருக்கும் அந்தப் பொருளை நாய்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

படி 5: முதல் மூன்று வாரம்

மூக்குக்கண்ணாடி போட்ட நொடியில் எழுத்து தெளிவது போல இது நடக்காது. காது மந்தமான ஆண்டுகளில் மூளை பல சத்தங்களை மறந்திருக்கும். இப்போது அவை எல்லாம் ஒன்றாகத் திரும்பி வரும்: ஃப்ரிட்ஜ் உறுமல், செய்தித்தாள் சரசரப்பு, சொந்தச் செருப்புச் சத்தம், குழாய்த் தண்ணீர். எது முக்கியம், எதை ஒதுக்கலாம் என்று மூளை பிரிக்கப் பழகும்வரை எல்லாமே எரிச்சலாக இருக்கும். அது கோளாறு இல்லை.

எல்லாரும் செய்யும் தவறு, வாங்கிய வாரமே யாராவது வீட்டுக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போவது. நாதஸ்வரம், தவில், முந்நூறு பேர் பேச்சு. பல்லாயிரம் டாலர் கருவியே தடுமாறும் இடம் அது. அங்கே தோற்றுவிட்டு வந்தால் மறுபடி போட மனம் வராது. மனோதத்துவ அறிஞர் ஆல்பர்ட் பண்டூரா, தன்னால் முடியும் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று 1977ல் எழுதியபோது முதலிடம் தந்தது, தானே செய்து ஜெயித்த அனுபவத்துக்கு. அதனால் ஜெயிக்கக்கூடிய இடத்தில் தொடங்குங்கள்.

முதல் சில நாள் வீட்டுக்குள், அமைதியான நேரத்தில், சில மணி நேரம். தனியாக உட்கார்ந்து ஒரு பக்கம் உரக்கப் படியுங்கள். உங்கள் குரலுக்கே நீங்கள் பழக வேண்டும். கண்ணை மூடி, கேட்கும் சத்தங்களுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள். பெயர் தெரிந்த சத்தம் சீக்கிரம் பின்னால் போய்விடும். அப்புறம் ஒரே ஒருவரோடு பேச்சு. அப்புறம் டிவி, பழகிய குரல் வரும் செய்தி. அடுத்து முற்றம், நடைப்பயிற்சி, சின்னக் கடை. சாப்பாட்டு மேசையில் நாலு பேர். உணவகம் கடைசியில், அதுவும் கூட்டமில்லாத மாலை நாலு மணிக்கு. ஒரு படி சுலபமானதும் அடுத்தது. தேதி கட்டாயமில்லை, வரிசைதான் முக்கியம்.

தினமும் போடுங்கள். வெளியே போகும்போது மட்டும் போட்டால் மூளைக்குப் பழகவே வாய்ப்பில்லை. சத்தம் கூர்மையாக இருந்தால் ஒலியளவைக் கொஞ்சம் குறைத்து, சில நாளுக்கு ஒருமுறை ஏற்றுங்கள். ஒன்றுமே கேட்காத அளவுக்குக் குறைத்துவிட்டு "பழகிட்டேன்" என்று சொல்வதில் அர்த்தமில்லை. கருவி காதைக் கெடுத்துவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. அதற்காகவே ஓடிசி கருவிகளின் உச்ச ஒலிக்கு எஃப்டிஏ வரம்பு வைத்திருக்கிறது, 111 டெசிபல், சிலவகை அமைப்புகளில் 117. ஆனால் எரிச்சல் வேறு, வலி வேறு. வலித்தால் கழற்றிவிடுங்கள்.

ஒரு பயிற்சி. வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு, வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு பட்டம், கட்டம், சட்டம், வட்டம் என்ற நாலில் ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். எது என்று நீங்கள் சொல்ல வேண்டும். வயதால் வரும் மந்தம் முதலில் பிடிப்பது உயர்ந்த சுருதியை. உயிரெழுத்தின் ஓசை பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் பலமாக இருப்பதால் கேட்டுவிடும். மெய்யெழுத்தைப் பிரித்துக்காட்டும் மெல்லிய ஓசை உயரத்தில் இருப்பதால் நழுவும். "சத்தம் கேட்குது, என்ன சொன்னாங்கன்னு தெரியலை" என்று எல்லாரும் சொல்வது இதனால்தான். பேரப்பிள்ளைகள் பேச்சு மட்டும் புரியாமல் போவதற்கும் ஒரு காரணம் அவர்களுடைய கீச்சுக்குரல். பத்தில் ஆறு சரியாக வந்தது எட்டாக ஏறும் நாளை நீங்களே பார்ப்பீர்கள்.

படி 6: திருகிப் பார்க்கும் தைரியம்

ஆடியாலஜிஸ்ட் இல்லாத குறை அதிகம் தெரிவது இங்கேதான். கைவைத்தால் கெட்டுவிடுமோ என்று செயலியைத் திறக்கவே பயப்படுவார்கள். கெடாது, பழைய அமைப்புக்குத் திரும்பும் வழி எல்லாச் செயலியிலும் எங்காவது இருக்கும். முதலில் அதைக் கண்டுபிடித்து ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அப்புறம் தைரியமாகத் திருகலாம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றியபின் இரண்டு நாள் அதோடு இருக்க வேண்டும்.

விசில் அடித்தால் முதலில் ஒலியைக் குறைக்காதீர்கள். கருவி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, டோம் சின்னதா, காதில் குறும்பி சேர்ந்திருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். சொந்தக் குரல் முழங்கினால் ஓட்டை உள்ள டோமுக்கு மாறுங்கள். சத்தம் போதுமானது ஆனால் வார்த்தை தெளிவில்லை என்றால் மொத்த ஒலியைக் கூட்டிப் பயனில்லை. ட்ரெபிள் என்று எழுதியிருக்கும் உயர் சுருதியைக் கொஞ்சம் ஏற்றுங்கள். தட்டு, கரண்டி சத்தம் குத்தினால் அதையே கொஞ்சம் இறக்குங்கள்.

திடீரென்று ஒரு பக்கம் மட்டும் குறைந்துவிட்டால், பத்தில் எட்டு ஒன்பது தடவை கருவியின் நுனியில் இருக்கும் வாக்ஸ் கார்டு குறும்பியால் அடைத்திருக்கும் என்று தைரியமாகப் பந்தயம் கட்டலாம். அரிசிமணியை விடச் சின்ன வெள்ளை வடிகட்டி அது. பெட்டியோடு வரும் குச்சியின் ஒரு முனையால் பழசை இழுத்து, மறுமுனையால் புதுசை அழுத்த வேண்டும். அடைப்பு வரும்வரை காத்திருக்காமல் ஒருமுறை சும்மாவே மாற்றிப் பழகிவிடுங்கள். கருவி கெட்டுப்போனதாக நினைத்துத் தூக்கிப் போடுபவர்களில் பலருக்கு இந்த வடிகட்டி இருப்பதே தெரியாது. மாற்றியும் சரியாகவில்லை, இன்னொரு கருவியை அந்தக் காதில் வைத்தாலும் மந்தம் என்றால் கோளாறு காதில், டாக்டரிடம் போங்கள்.

துடைக்கக் காய்ந்த துணி போதும். தண்ணீர், ஸ்பிரிட் வேண்டாம். குளிக்கும்போதும் தலைக்கு ஸ்ப்ரே அடிக்கும்போதும் கழற்றிவிடுங்கள்.

படி 7: இரைச்சலான இடத்தில்

எந்தக் கருவியும் இரைச்சலை அழித்துப் பேச்சை மட்டும் தராது. இதை முன்பே ஏற்றுக்கொண்டவர் ஏமாறுவதில்லை. மீதியை இடத்தாலும் பேச்சாலும் சமாளிக்க வேண்டும்.

பேசுபவருக்கும் உங்களுக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால், திறந்த வெளியில் குரல் 6 டெசிபல் குறையும். எந்தச் செயலி அமைப்பையும் விட, நாற்காலியை ஒரு அடி முன்னால் இழுத்துப் போடுவது அதிகப் பலன் தரலாம். நிறைய கருவிகளில் மைக் முன்பக்கச் சத்தத்தைத் தூக்கி, பின்பக்கத்தைக் குறைக்கும். ஆகவே சமையலறை, ஸ்பீக்கர், கூட்டம் எல்லாம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படியும், பேசுபவர் எதிரே இருக்கும்படியும் உட்காருங்கள். அவர் முகத்தில் வெளிச்சம் விழட்டும். உதடு பார்ப்பது ஏமாற்று வேலை இல்லை. நன்றாகக் கேட்பவர்களும் செய்வதுதான்.

அடுத்தது, இந்த வழிகாட்டியிலேயே எனக்கு முக்கியமாகப் படும் விஷயம். காது மந்தமானவர்கள் பல ஆண்டு கற்றுவைத்திருக்கும் ஒரு கலை உண்டு: புரியாமலே தலையாட்டிச் சிரிப்பது. கருவி வந்தபின்னும் அது போகாது. அதை விடுவதற்கு ஒரு மாற்று வேண்டும். "ஆ?", "என்ன?" என்று கேட்டால் எதிரே இருப்பவர் முழுவதையும் கத்தித் திரும்பச் சொல்வார், சலிப்பார். அதற்குப் பதிலாக, கேட்ட வரையில் சொல்லி, விட்டுப்போனதை மட்டும் கேளுங்கள். "சனிக்கிழமை வர்றீங்கன்னு கேட்டுச்சு, எத்தனை மணிக்கு?" இப்படிக் கேட்பவரை யாரும் காது கேளாதவர் என்று நினைப்பதில்லை, கவனமாகக் கேட்பவர் என்றுதான் நினைப்பார்கள். எண், பெயர், மாத்திரை அளவு மூன்றையும் எப்போதும் திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொள்ளுங்கள். "காதுல மிஷின் போட்டிருக்கேன், கொஞ்சம் என்னைப் பார்த்துப் பேசுங்க" என்ற வாக்கியத்தை வீட்டில் இரண்டு தடவை சொல்லிப் பழகிவிட்டு, முதலில் கடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். தெரியாதவரிடம் சொல்வது சொந்தக்காரரிடம் சொல்வதை விடச் சுலபம்.

களைத்துவிட்டால் எழுந்து ஐந்து நிமிடம் வெளியே நில்லுங்கள். அதிலும் தவறில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு

வாங்கிக் கொடுத்ததோடு உங்கள் வேலை முடிந்துவிடவில்லை. அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டுப் பேசாதீர்கள். பெயர் சொல்லி, திரும்பிப் பார்த்தபின் பேசுங்கள். கத்தாதீர்கள், கத்தினால் உயிரெழுத்துதான் பெரிதாகும், நழுவும் மெய்யெழுத்து நழுவியே போகும். நிதானம் போதும். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லுங்கள். "அட விடுங்க, ஒண்ணுமில்ல" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைவிட ஆளைச் சுருக்குகிற பேச்சு இல்லை.

"அப்பா, மிஷின் போட்டீங்களா?" என்று நாளுக்கு நாலு தடவை விசாரிப்பதும் வேண்டாம். "நேத்து தம்பி பேசினதுக்கு நீங்களே பதில் சொன்னீங்களே" என்று நடந்ததைச் சொல்லுங்கள். ஏற்கெனவே போட்டுக்கொண்டு நடமாடும் சம வயதுக்காரர் ஒருவரோடு பேசவிட்டால் இன்னும் நல்லது. மகன் சொல்லிக் கேட்காதது நண்பர் சொன்னால் ஏறும். ஹியரிங் லாஸ் அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற அமைப்பு 1979லிருந்து இதைத்தான் செய்துவருகிறது. பல ஊர்களில் கிளைகள் உண்டு, இணையக் கூட்டமும் நடத்துகிறார்கள்.

"போடலைன்னா டிமென்ஷியா வந்துடும்" என்று பயமுறுத்திப் போடவைக்க வேண்டாம். காது மந்தத்துக்கும் ஞாபக மறதிக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால் 70 முதல் 84 வயதுள்ள 977 பேரை மூன்று ஆண்டு கவனித்து 2023ல் வெளியான அமெரிக்க ஆய்வில், மொத்தக் குழுவில் ஹியரிங் எய்டால் மூளைத் திறன் சரிவதில் வித்தியாசம் தெரியவில்லை. ஆபத்து ஏற்கெனவே அதிகமாக இருந்த ஒரு பிரிவினருக்கு மட்டும் சரிவு பாதியளவு மெதுவானது. பயத்தில் போட்டவர் பயம் தெளிந்ததும் கழற்றிவிடுவார். பேத்தி பேசுவது புரியணும் என்று போட்டவர் கழற்றமாட்டார்.

படி 8: திருப்பித் தரும் கெடு முடிவதற்கு ஒரு வாரம் முன்பு

அந்த ஐந்து இடத் தாளை எடுங்கள். பழைய மதிப்பெண்ணை மறைத்துக்கொண்டு புதிதாகப் போடுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். மூன்று இடங்களில் தெளிவான ஏற்றம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். உணவகம் மட்டும் தேறவில்லை என்பதற்காகத் திருப்பித் தர வேண்டாம். எதிலும் ஏற்றமில்லை, அமைதியான அறையிலேயே சிரமம் என்றால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். அது உங்கள் தோல்வி இல்லை. உங்கள் காதுக்கு அதிக சக்தியுள்ள கருவி தேவைப்படலாம்.

நடுவில் ஒரு நிலை உண்டு: கொஞ்சம் பலன், ஆனால் திருப்தியில்லை. தானே பொருத்திக்கொண்டவர்களையும் ஆடியாலஜிஸ்ட் பொருத்தியவர்களையும் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2023ல் வெளியிட்டார்கள். ஆறு வாரத்தில் இரு தரப்பும் கிட்டத்தட்ட சமம். அதற்கு முன் 2017ல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் லாரி ஹ்யூம்ஸ் குழு நடத்திய சோதனையிலும், தாங்களே தேர்ந்தெடுத்தவர்களுக்கு உண்மையான பலன் இருந்தது, திருப்திதான் குறைவு. பிறகு ஆடியாலஜிஸ்ட் கவனித்ததும் அவர்களுக்கு அந்தக் குறையும் தணிந்தது. ஆகவே கருவியை ஓடிசியில் வாங்கிவிட்டு, ஒரே ஒரு மணி நேர ஆலோசனைக்கு மட்டும் ஆடியாலஜிஸ்டுக்குப் பணம் கட்டுவது நல்ல யோசனை. சிலர் தாங்கள் விற்காத கருவியைத் தொடமாட்டார்கள். போவதற்கு முன் போனில் கேட்டுவிடுங்கள். ஐந்து இடத் தாளையும், செயலியில் இப்போது இருக்கும் அமைப்பின் ஸ்கிரீன்ஷாட்டையும் கொண்டுபோனால் அந்த ஒரு மணி நேரம் வீணாகாது.

வைத்துக்கொள்வது என்று முடிவானதும் வாரன்ட்டி தேதியையும் சீரியல் எண்ணையும் அதே தாளின் பின்பக்கம் எழுதிவையுங்கள். டோமும் வாக்ஸ் கார்டும் ஒரு பாக்கெட் கூடுதலாக வாங்கிவையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை காதைச் சோதித்து, செயலியில் உள்ள பரிசோதனையையும் புதிதாகச் செய்யுங்கள். காது மாறியிருந்தால் போன வருட அமைப்பு இந்த வருடம் பொருந்தாது.